எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன பொம்மை? மூன்று நாளில் மூலைக்குப் போகாததாகச் சொல்லுங்கள்

அப்பாவி மாமா எழுதியது:

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் எட்டு வயது முடிகிறது. போன பிறந்தநாளுக்கு ஒரு ரோபோ நாய் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் 'அறிவை வளர்க்கும் விளையாட்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாய் வாலாட்டியது, குரைத்தது, இரண்டு பாட்டுப் பாடியது. மூன்றாம் நாள் அதன் வயிற்றிலிருந்த பேட்டரிகள் டிவி ரிமோட்டுக்கு இடம் மாறிவிட்டன. அன்றிலிருந்து அது அலமாரி மேல் உட்கார்ந்து வீட்டைக் காவல் காக்கிறது.

இந்த முறையும் அதே கதை ஆகக் கூடாது. வேடிக்கையாக இருக்க வேண்டும், கொஞ்சம் விஷயமும் இருக்க வேண்டும், ஒரு மாதமாவது அவள் கையில் நிற்க வேண்டும். பாடப்புத்தகத்துக்குப் பொம்மை வேஷம் போட்ட சமாச்சாரம் வேண்டாம். அதைப் பெட்டியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொன்று, அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு தம்பி இருக்கிறான். கையில் கிடைப்பதெல்லாம் அவனுக்குத் தின்பண்டம்தான்.

திருகாணி எழுதியது:

புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஒரு நல்ல சின்ன ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, அந்த நாயையும் சேர்த்து அவள் கையில் கொடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நாய்க்குள் இருப்பதைப் போல நல்ல 'கல்விப் பொம்மை' கடையில் தனியாகக் கிடைக்காது. உள்ளே ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும், ஆனால் அதற்குப் பலமே இருக்காது, விரல் வைத்தால் நின்றுவிடும். அதை நான்கைந்து பல்சக்கரங்கள் வழியாக மெதுவாக்கி, வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கியிருப்பார்கள். அடுத்த அதிசயம் வால். மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது, வால் மட்டும் எப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது? கடைசிச் சக்கரத்தில் நடுவை விட்டு ஓரமாக ஒரு முளை இருக்கும், அது வாலின் அடியில் உள்ள பள்ளத்தில் நுழைந்திருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற முளை வாலைத் தள்ளி இழுக்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். அவள் சக்கரத்தை விரலால் திருப்பிப் பார்த்துத் தானாகச் சொல்லட்டும்.

குரைக்கும் சத்தம் வருவது ஒரு வட்டத் தகட்டிலிருந்து. அதன் பின்னால் காந்தம் ஒட்டியிருக்கும். அந்த ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டலாம்.

மூன்று விதி. பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் திறக்க வேண்டும். சுவர் பிளக்கில் செருகும் எதையும் திறக்கக் கூடாது. சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது, அது குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

இரட்டையர் அம்மா எழுதியது:

திருகாணி சார், யோசனை அருமை. ஆனால் இரண்டரை வயதுத் தம்பி என்றதை நீங்கள் படித்தீர்களா? நாயைப் பிரித்தால் குறைந்தது இருபது ஸ்க்ரூ தரையில் உருளும்.

மாமா, முதலில் தம்பி கணக்கை முடித்துவிடுங்கள், அப்புறம் அவன் அக்காவுக்கு வாங்கலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும். நம் வீட்டில் அந்தக் குழாய் இல்லை என்றால் டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழலை எடுங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம், அதனால் இன்னும் கறாரான சோதனை. அதற்குள் போவது எதுவாக இருந்தாலும் தம்பிக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் வருவது பட்டன் பேட்டரியில். எங்கள் வீட்டில் பாடும் வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. பெரியவன் அதைக் கிழித்துப் பார்த்ததில் பேட்டரி வெளியே விழுந்தது. சின்னவன் அதை நாக்கில் வைத்தபோது நல்லவேளை நான் எதிரில் இருந்தேன். சிஆர்2032 போன்ற 20 மில்லிமீட்டர் லித்தியம் வில்லைகள்தான் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் ஓட ஆரம்பித்து, பேட்டரியின் எதிர்மின்முனைப் பக்கம் காரம் உருவாகி, இரண்டே மணி நேரத்தில் சதையைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி கசிய வேண்டும் என்றுகூட இல்லை. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிதான். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 'வெளியே வந்துவிடும், பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள்.

பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்தால் திறக்கிறது என்றால் வேண்டாம்.

குட்டி உருண்டைக் காந்தங்களும் வேண்டவே வேண்டாம். ஒன்றை விழுங்கி, சிறிது நேரம் கழித்து இன்னொன்றை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் மாட்டிய இடம் ஓட்டையாகும். தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல்லி முத்துகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போயும் ஊதும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

அப்பாவி மாமா எழுதியது:

இரட்டையர் அம்மா, இதைப் படித்துவிட்டு வீட்டில் பாதியை மூட்டை கட்டிவிட்டேன். அக்கா மகளுக்குப் பொம்மை கேட்க வந்தவன் இப்போது அட்டைக் குழலோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். என் சட்டைப் பொத்தான்கூட உள்ளே போகிறது.

பழைய பம்பரம் எழுதியது:

பொத்தான் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய பொத்தானின் இரண்டு துளை வழியாக நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, இரண்டு கையிலும் பிடித்து, நடுவிலுள்ள பொத்தானைச் சுழற்றி முறுக்கேற்றி, இழுத்து இழுத்து விட்டால் விர்ர் விர்ர் என்று பாடுமே, அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குழந்தைகள் விளையாடியது.

அந்த விளையாட்டு எங்கே போய் நின்றது தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு இந்த நூல் பொத்தானை ஆராய்ந்து 2017-ல் 'பேப்பர்ஃபியூஜ்' என்று ஒன்றைக் காட்டியது. காகித வட்டு, நூல், இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். கையால் இழுத்தே நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனார்கள். இரத்தத் துளியை மெல்லிய குழாயில் அடைத்து வட்டில் ஒட்டிச் சுழற்றினால் ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா தனியாகப் பிரிந்துவிடுகிறது. மின்சாரம் இல்லாத மருத்துவமனைகளுக்காக யோசித்தது. இப்போது எந்தப் பெட்டியின் மேல் 'அறிவை வளர்க்கும்' என்று எழுதுவது?

அடுத்தது தலைகீழ்ப் பம்பரம். பாதி உருண்டை மாதிரி இருக்கும், மேலே ஒரு சின்னக் காம்பு. காம்பைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் சற்று நேரத்தில் தள்ளாடி, அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்து, காம்பின் மேல் நின்று சுற்றும். கனமான பக்கம் தானாக மேலே ஏறுகிறது! யாரும் தூக்கவில்லை. தரையின் உராய்வு இல்லாவிட்டால் இது நடக்காது, மேலே ஏறத் தேவையான சக்தியைச் சுழற்சியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீல்ஸ் போரும் வோல்ஃப்காங் பவுலியும், இரண்டு பேரும் நோபல் வாங்கியவர்கள், தரையைப் பார்த்துக் குனிந்து இந்தப் பம்பரத்தை ரசிக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் படம் அதுதான், அவர்கள் முகத்தில் எட்டு வயசுதான் தெரியும்.

அப்புறம் ஸ்லிங்கி. படி இறங்கும் அந்தச் சுருள் கம்பி. ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற கப்பல் பொறியாளர் 1943-ல் கப்பல் கருவிகளுக்கான ஸ்பிரிங் செய்துகொண்டிருந்தபோது ஒன்று தவறி விழுந்து, நடந்து போனது. இரண்டு வருடத்தில் கடைக்கு வந்துவிட்டது. படி இறக்குவதை எல்லாரும் செய்வார்கள். நீங்கள் வேறொன்று செய்யுங்கள். ஒரு முனையைப் பிடித்து ஸ்லிங்கியை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஆடாமல் நின்றதும், கையை விடுங்கள். போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். மேல் முனை கீழே வந்து சேரும் வரை கீழ் முனை காற்றில் அப்படியே நிற்கும். விழவே விழாது. 'மேலே விட்டுவிட்டார்கள்' என்ற செய்தி அதற்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கோடிங் அப்பா எழுதியது:

எல்லாரும் பழங்காலத்துக்குப் போய்விட்டீர்கள். எட்டு வயது என்றால் புரோகிராமிங் தொடங்கச் சரியான வயது.

இதுவும் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதைத் தொடர்ந்து தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ஆமை ரோபோ வந்தது. 'நூறு அடி முன்னே போ, தொண்ணூறு டிகிரி திரும்பு' என்று நான்கு தடவை சொன்னால் சதுரம். வட்டம் எப்படிப் போடுவது என்று தெரியாத குழந்தை தானே எழுந்து நடந்து பார்க்கும்: ஒரு அடி, கொஞ்சம் திரும்பு, ஒரு அடி, கொஞ்சம் திரும்பு. அந்த நடையில் வட்டம் பிறக்கும். இப்போது கடையில் இருக்கும் வண்டு, தேனீ, எலி வடிவ ரோபோக்கள் எல்லாம் அந்த ஆமையின் பேரப்பிள்ளைகள்தான்.

என் யோசனை: கட்டளைக் கட்டங்களை இழுத்துக் கோத்துப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச், 2007-ல் வந்தது, இலவசம், அதில் தொடங்கலாம். கூடவே மைக்ரோபிட் என்ற உள்ளங்கை அளவு கணினிப் பலகை ஒன்று வாங்குங்கள். பிபிசி 2016-ல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 25 சிவப்பு விளக்கு, இரண்டு பட்டன், அசைவை உணரும் சென்சார், திசைகாட்டி. குலுக்கினால் எண் விழும் பகடை செய்ய ஐந்து நிமிடம் போதும். தம்பி அலமாரியைத் திறந்தால் கத்தும் அலாரம்கூடச் செய்யலாம், அதற்குத்தான் அவளுக்கு ஆசை வரும்.

வகுப்பறைவாசி எழுதியது:

> எட்டு வயது என்றால் புரோகிராமிங் தொடங்கச் சரியான வயது

மைக்ரோபிட் நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் 'கோடிங் பொம்மை' என்ற பெயரில் வருவதில் பாதி, மாறுவேஷம் போட்ட ரிமோட் கார். செயலியில் அம்புக்குறியை இழுத்துவிடுவாள், ரோபோ போகும், முடிந்தது. கையேட்டில் உள்ள பன்னிரண்டு சவாலை முடித்த பிறகு பதின்மூன்றாவது என்று ஒன்று கிடையாது. நிறுவனம் செயலியைப் புதுப்பிப்பதை நிறுத்திய நாளில் ரோபோ பிளாஸ்டிக் கட்டி.

நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: செய்தவன் நினைக்காத எதையாவது இந்தப் பொம்மையை வைத்துக் குழந்தை செய்ய முடியுமா? மரக்கட்டைகளில் முடியும், லெகோவில் முடியும், களிமண்ணில் முடியும். பாடும் நாயில் முடியாது. (திருகாணி சொன்ன மாதிரி திறந்தால் முடியும்!)

வேடிக்கையும் கணக்கும் ஒன்றாக வேண்டுமென்றால் ஸ்பைரோகிராஃப். 1965-ல் வந்தது, இன்றைக்கும் கிடைக்கிறது. பல் வைத்த வளையம், அதற்குள் உருளும் பல்சக்கரம், சக்கரத்தின் துளையில் பேனா. 96 பல் வளையத்தில் 32 பல் சக்கரத்தை ஓட்டினால் மூன்று இதழ்ப் பூ. 36 பல் சக்கரம் போட்டால் எட்டு இதழ். 52 போட்டால் இருபத்துநான்கு இதழ், பேனா விட்ட இடத்துக்குத் திரும்ப வெகு நேரம் ஆகும். ஏன் என்று என் மாணவி ஒருத்தி இரண்டு வாரம் தாளும் கையுமாக அலைந்து, ஒரு நாள் ஓடி வந்து, 'டீச்சர், ரெண்டு எண்ணும் சந்திக்கிற இடத்துல பூ முடியுது' என்றாள். மீச்சிறு பொது மடங்கை அதைவிட அழகாக நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

செலவே வேண்டாம் என்றால், வீணான பொருட்களில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் முறை: தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வு டியூபும். மருந்தைச் சுரண்டிவிட்ட குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்து முக்கோணம் செய்தால் அசையாது, சதுரம் செய்தால் சாய்ந்து கொடுக்கும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி போட்டால் அதுவும் விறைத்துக்கொள்ளும். அப்புறம் தெருவில் பார்க்கும் ஒவ்வொரு கோபுரத்திலும் பாலத்திலும் முக்கோணம் தேடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 இறுதியில் ஒரு ஆய்வு வந்தது. பெற்றோரும் குழந்தையுமாக 26 ஜோடிகள், வீட்டிலேயே ஒலிப்பதிவு. பேசும், பாடும் மின்னணுப் பொம்மைகளை வைத்து விளையாடும்போது பெற்றோர் பேசிய வார்த்தைகள் குறைந்திருந்தன, புத்தகம் பார்க்கும்போது அதிகம். பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

கோடிங் அப்பா எழுதியது:

டீச்சர், அந்த ஆய்வில் இருந்தவை 10 முதல் 16 மாதக் குழந்தைகள். எட்டு வயதுக்காரியின் மேல் அதை ஏற்றாதீர்கள். அவள் நம்மைப் பேசவே விடமாட்டாள்.

வகுப்பறைவாசி எழுதியது:

சரி, அது நியாயம். தம்பிக்கு வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ரிமோட் கார் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

நிலாப்பித்தன் எழுதியது:

யாராவது டெலஸ்கோப் சொல்வதற்குள் ஓடி வந்தேன். பெட்டியின் மேல் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று சனிக்கிரகப் படத்தோடு இருந்தால் தொடாதீர்கள். முன் வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியான பெருக்கம். 50 மில்லிமீட்டர் என்றால் 100, அதுவும் நல்ல வில்லையாக இருந்தால். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். போதாக்குறைக்கு அந்தத் தாங்கி, மூச்சு விட்டாலே ஆடும். குழந்தை ஐந்து நிமிடம் தேடிவிட்டு 'ஒண்ணுமே தெரியல' என்று போய்விடும். வானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், அதுதான் எனக்கு ஆற்றாமை.

நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், 8×40 மாதிரி (எட்டு மடங்கு பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன் வில்லை). நிலவின் பள்ளங்கள் தெரியும். கையை ஏதாவது சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். 1610 ஜனவரியில் கலிலியோ சுமார் இருபது மடங்குக் கருவியால் பார்த்து, நாள்தோறும் படம் போட்டு வைத்தது அதே நான்கு நிலவுகளைத்தான். அவளையும் ஒரு வாரம் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பகலில் பறவை பார்க்கலாம், எதிர் மாடியில் யார் துணி காயப்போடுகிறார்கள் என்றும் பார்ப்பாள், அது உங்கள் பாடு.

சூரியனை மட்டும் பைனாகுலரால் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. இதைப் பரிசோடு சேர்த்து, அவளிடம் நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மைக்ராஸ்கோப்பிலும் இதே ஏமாற்று உண்டு. 1200 மடங்கு பிளாஸ்டிக் கருவி வேண்டாம். 20 மடங்கில் எறும்பின் முகத்தைப் பார்ப்பதே போதும். இல்லையென்றால் ஃபோல்ட்ஸ்கோப். மேலே பம்பரம் ஐயா சொன்ன அதே மனு பிரகாஷ் குழுவின் வேலை, 2014-ல் வெளியிட்டார்கள். காகிதத்தை மடித்து அவளே செய்ய வேண்டும், குண்டூசித் தலை அளவு வில்லை, 140 மடங்கு காட்டும். வெங்காயத் தோலின் செல்களை முதல் நாளே பார்த்துவிடலாம். தண்ணீரில் நனைந்தாலும் வீணாகாது.

சும்மா சிரிக்க எழுதியது:

எல்லாரும் இப்படிக் கல்வி கல்வி என்று பிடித்துக்கொண்டால் அந்தக் குழந்தை பிறந்தநாளன்று வீட்டை விட்டு ஓடிவிடும். உட்கார்ந்தால் ஏடாகூடச் சத்தம் போடும் காற்றுத் தலையணை இருக்கிறதே, அதைவிட அதிகமாக எந்தப் பொம்மைக்கும் என் பிள்ளைகள் சிரித்ததில்லை. அதில் என்ன பாடம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. தாத்தாவின் முகம் இருக்கிறது.

பிசைந்து விளையாடும் சில்லி புட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜேம்ஸ் ரைட் செயற்கை ரப்பருக்காகச் சிலிகோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்து பார்த்ததில் வந்தது. யாருக்கும் எதற்கும் உதவவில்லை. உருட்டி எறிந்தால் பந்து மாதிரி எகிறும், வைத்துவிட்டுப் போனால் குழம்பு மாதிரி வழியும், வெடுக்கென்று இழுத்தால் உடையும். ஏழு வருடம் கழித்து ஒருவர் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்துப் பொம்மை என்று விற்றார், பிய்த்துக்கொண்டு போனது. உதவாத பொருள் என்பதுதான் அதன் தகுதியே. பிறகு அப்பல்லோ 8 விண்வெளிக்குப் போனபோது கருவிகள் மிதந்து போகாமல் ஒட்டி வைக்க அதையே எடுத்துப் போனார்கள், அது வேறு கதை.

திருகாணி எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். காற்றுத் தலையணையிலும் பாடம் இருக்கிறது. ரப்பர் வாய் காற்றில் துடிப்பதால்தான் சத்தம், ஊதுகுழல் வாத்தியங்களில் சீவாளி துடிப்பதும் இதேதான். வாயை இழுத்துப் பிடித்தால் சுருதி ஏறும்.

சும்மா சிரிக்க எழுதியது:

சார், அதையாவது விட்டு வையுங்கள்.

புதுமுகம் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கறுப்புத் திரையில் குச்சியால் எழுதி, பட்டனை அழுத்தினால் அழியும் எல்சிடி சிலேட்டு வாங்கினேன். இரண்டு வருடமாகப் பேட்டரி மாற்றவே இல்லை. எப்படி?

திருகாணி எழுதியது:

எழுதுவதற்கு அதற்கு மின்சாரமே தேவையில்லை. திரைக்குள் திரவப் படிகம் இருக்கிறது. குச்சியின் அழுத்தத்தில் அந்த இடத்தில் மட்டும் மூலக்கூறுகளின் அடுக்கு மாறி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, கோடு தெரிகிறது. அப்படியே நிற்கும். அழிக்கும் நொடியில் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து எல்லாவற்றையும் பழைய அடுக்குக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி, இரட்டையர் அம்மா சொன்ன ஸ்க்ரூ மூடியைச் சரி பாருங்கள்.

இரட்டையர் அம்மா எழுதியது:

நன்றி, நானே எழுத வந்தேன்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. இணையத்தோடு பேசும் பொம்மைகள். ஜெர்மனியில் 2017 பிப்ரவரியில் 'மை ஃபிரண்ட் கேலா' என்ற பேசும் பொம்மையை ஒளித்து வைத்த ஒட்டுக்கேட்புக் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்தார்கள், வாங்கி வைத்திருந்தவர்களை அதைச் செயலிழக்கச் செய்யவும் சொன்னார்கள். அதன் புளூடூத்துக்குப் பூட்டே இல்லை, பக்கத்தில் நிற்கும் எவரும் இணைந்து குழந்தையிடம் பேசலாம். பொம்மைக்கு மைக் இருக்கிறதா, குரல் எங்கே போகிறது, கடவுச்சொல்லை மாற்ற முடிகிறதா, நெட் இல்லாமல் விளையாட முடியுமா என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். பதில் பெட்டியில் இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சும்மா சிரிக்க எழுதியது:

இதில் எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 1990-களின் இறுதியில் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தன் அலுவலகத்துக்குள் ஃபர்பி பொம்மை வரக் கூடாது என்று தடை போட்டது. கேட்டதைப் பதிவு செய்து வெளியே போய்ச் சொல்லிவிடுமாம். பாவம், ஃபர்பிக்குப் பதிவு செய்யவே தெரியாது. முதலில் புரியாத மொழி பேசி, நாளாக நாளாக உள்ளே ஏற்கெனவே வைத்திருந்த ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாக வெளியே விடும், நாம் கற்றுக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்வோம்.

அப்பாவி மாமா எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறேன், மன்னியுங்கள்.

பைனாகுலர்தான் வாங்கினேன். வியாழன் இப்போது தூங்கும் நேரத்துக்கு அப்புறம்தான் மேலே வருகிறதாம், அதனால் நிலவோடு நிறுத்தியிருக்கிறாள். எதிர் மாடி விவரங்களும் வந்துகொண்டிருக்கின்றன, நிலாப்பித்தன் சார் சொன்னபடியே.

ஆனால் எழுத வந்தது நாயைப் பற்றி. தம்பி தூங்கிய பிறகு, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஸ்க்ரூக்களுக்கு மூடி போட்ட டப்பா வைத்துக்கொண்டு திறந்தோம். பதினேழு ஸ்க்ரூ. வாலின் முளையை அவளே கண்டுபிடித்தாள், நான் வாயைத் திறக்கவில்லை (இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்குத்தான் தெரியும்). மோட்டாரைத் தனியே எடுத்துப் பேட்டரியில் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். ஒயரை மாற்றித் தொட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அன்று இரவு முழுக்க அதே பேச்சு.

மறுநாள் மோட்டாரின் தண்டில் அழிரப்பர் துண்டைக் கோணலாகக் குத்தி, ஒரு காகிதக் கோப்பையின் மேல் ஒட்டி, கோப்பைக்கு மூன்று ஸ்கெட்ச் பேனாக்களைக் காலாகக் கட்டினாள். பேட்டரி கொடுத்ததும் அது குடிகாரன் மாதிரி தள்ளாடித் தாள் முழுக்கக் கிறுக்குகிறது. ரப்பரைக் கொஞ்சம் நகர்த்தினால் கிறுக்கல் மாறுகிறது. நாற்பது தாள் ஆகிவிட்டது. நாய்க்கு வால் இல்லை, ஆனால் தலையைத் திரும்ப மாட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறாள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவள் கண் என் பழைய ஃபிலிம் கேமராவின் மேல் இருக்கிறது. ஃபிளாஷ் வைத்தது. வேலை செய்யவில்லை, கொடுத்துவிடலாமா?

திருகாணி எழுதியது:

வேண்டாம்! கொடுக்காதீர்கள். ஃபிளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றி வெகு நேரம் ஆன பிறகும் அது அடிக்கும். என் கையில் வாங்கியிருக்கிறேன். ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவையும் குழந்தை திறக்கக் கூடாது, நீங்களும்தான்.

அப்பாவி மாமா எழுதியது:

பூட்டி வைத்துவிட்டேன். அவள் இப்போது நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திருகாணி எழுதியது:

அதைத் தாராளமாகக் கொடுங்கள், பேட்டரியை மட்டும் எடுத்துவிடுங்கள். பின்பக்கக் கறுப்புப் பெட்டியின் மூடியை மெதுவாகத் தூக்க வேண்டும், பல்சக்கரங்கள் குதித்துவிடும். எதற்குப் பிறகு எது என்று முதலிலேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உள்ளே ஒரு சின்ன வெள்ளி உருளை இருக்கும், அதற்குள் குவார்ட்ஸ் படிகம். பேட்டரி இருந்தபோது அது நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த எண்ணை ஏன் பிடித்தார்கள் என்று அவளிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டாம், 32,768-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். எத்தனை தடவை வகுத்தாள் என்று வந்து இங்கே எழுதுங்கள்.